ஷர்மைன் கொண்டுவந்த படப்புத்தகம்

ஜூலை 29, செவ்வாய்

இன்று கஞ்சி அடிப்பிடித்துவிட்டது. பச்சைப்பயறு வெந்து, சீனியும் தேங்காய்ப்பாலும் ஊற்றிக் கிண்டுகிற நேரத்தில் நான் அடுப்படியிலேயே இல்லை. வகுப்பில் இருந்தேன். நான்! வகுப்பில்!

பேட்ரிசியா டீச்சருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. பிள்ளைகள் போட்ட கூச்சலில் பக்கத்துக் கடைச் சீனர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். டீச்சர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் நாற்காலியில் உட்கார வைத்து, ஒரு படப்புத்தகத்தை மடியில் போட்டார்.

"அக்கா, படத்தக் காட்டி எதையாச்சும் சொல்லுங்க."

"டீச்சர், இது இங்கிலீசு."

"படம் இங்கிலீசு இல்லல்ல?"

நான் அந்தத் தாடிகாவில், பாலர் பள்ளியில், கஞ்சி காய்ச்சுகிறவள், கூட்டித் துடைக்கிறவள். படித்தது மூன்றாவது வரைக்கும். தமிழையே எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன், இந்த நோட்டில் ஒரு பக்கம் எழுதவே பாதி ராத்திரி ஆகிவிடும். முதல் பக்கத்தைத் திறந்தேன். ஒரு கப்பல். அதன் வயிற்றுக்குள் மனிதர்கள், சாடின் டின்னில் மீன் அடுக்கினது போல, கால்மாடு தலைமாடாக. கையில் சங்கிலி. அடுத்த பக்கத்தில் கரும்புக்காடு. அதில் நம் பாலர் பிள்ளைகள் வயதில் ஒரு பெண். தொப்பி போட்ட ஒருத்தன் பெரிய மணி ஒன்றை ஆட்டுகிறான்.

எனக்கு என்ன தெரியும்? தெரிந்ததைச் சொன்னேன். இந்தப் பெண்ணைப் பிடித்துக் கப்பலில் ஏற்றி, ஆடு மாடு வாங்குகிற மாதிரி ஒருத்தன் வாங்கிவிட்டான். இவள் பேர் அடிமை. மணி அடித்தால் எழ வேண்டும், மணி அடித்தால் வெட்ட வேண்டும், மணி அடித்தால்தான் சோறு. "எங்க தோட்டத்துல காலையில பெரட்டுக்கு நிப்பாங்க. பேர் கூப்பிடுவாங்க, வரிசையா நிக்கணும். அந்த மாதிரி. ஆனா இது அத விட மோசம்."

ஒரு சத்தம் இல்லை. எச்சில் விழுங்குகிற சத்தம்கூடக் கேட்கிறது! யுகேந்திரன் - அவன்தான் மேசை மேல் ஏறி நிற்கிறவன் - மெதுவாகச் சொன்னான்: "ஆண்ட்டி, அடுத்த பக்கம்."

அப்போதுதான் தீய்ந்த வாசனை வந்தது.

வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். கை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். என் வீட்டுக்காரர் திருச்செல்வம் ஃபேக்டரியில் இரவுக் காவல். கிளம்புகிற அவசரத்தில் சாப்பிட்டுக்கொண்டே "ம்" என்றார். மகள் ரூபினி போனதிலிருந்து இந்த வீட்டில் அதுதான் பேச்சு. ம்.


ஜூலை 30, புதன்

வாசலிலேயே பிடித்துக்கொண்டார்கள். "ஆண்ட்டி, அந்தப் பொண்ணு என்ன ஆனா?"

அவளுக்கு மல்லி என்று பேர் வைத்தேன். புத்தகத்தில் என்ன பேரோ, எனக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் படத்தில் எசமான் அவளைக் காட்டி ஒரு தாளில் எழுதுகிறான். டீச்சர் காற்றுக் குரலில் காதில் சொன்னார்: பேரை மாற்றுகிறானாம். அதைச் சொன்னதும் பிள்ளைகளுக்கு வந்ததே கோபம்! சங்கிலிக்கு வராத கோபம்.

"அவ அம்மா வெச்ச பேர அவன் எப்படி மாத்தலாம்?"

ஜேடன் எழுந்து நின்று, "எம் பேர யாரும் மாத்த முடியாது. போலீஸ்ல சொல்லிருவேன்லா" என்றான்.

கஞ்சி இன்று நன்றாக வந்தது. முன்னாடியே காய்ச்சி வைத்துவிட்டேன். எனக்கா தெரியாது!


ஜூலை 31, வியாழன்

டீச்சருக்குக் குரல் வந்துவிட்டது. வந்தும் என்னையே சொல்லச் சொன்னார்!!


ஆகஸ்ட் 1, வெள்ளி

டீச்சர் ஜொகூர் பாருவிலிருந்து ஒரு பெட்டி நிறையப் படப்புத்தகம் வாங்கி வந்திருக்கிறார். மெர்டேக்கா, சுதந்திர நாள், வருகிற மாதம் முழுக்க அடிமைகளையும் விடுதலையையும் பற்றித்தான் கதை. "கொடிய ஆட்டி பாட்டுப் பாடுனா போதுமாக்கா? விடுதலைன்னா எதுலேருந்து விடுதலைன்னு தெரிய வேணாமா?"

"சின்னப் புள்ளைங்க டீச்சர். பயந்துக்காதா?"

"சாட்டையில அடிக்கிற பக்கத்தத் தள்ளிருங்க. மிச்சம் அதுங்களுக்குப் புரியும். எது நியாயம், எது நியாயமில்லன்னு அஞ்சு வயசுக்குத் தெரியிற அளவு நமக்கே தெரியாது."

தினமும் வீட்டுக்குப் போகுமுன் அரைமணி நேரம் எனக்காம். புஷ்பா ஆண்ட்டி நேரம்! பலகையில் எழுதியே போட்டுவிட்டார்.

நான் கேட்டேன், எங்கள் தாத்தா பாட்டனும் கப்பலில்தானே வந்தார்கள், அவர்களும் அடிமையா என்று. டீச்சர் யோசித்துச் சொன்னார்: அவர்களை யாரும் விற்கவில்லை, கைநாட்டு வைத்து வந்தார்கள், பிள்ளைகுட்டி எசமானுக்குச் சொந்தமில்லை, அது வேறு. ஆனால் ரொம்பத் தூரமும் இல்லை. இரண்டையும் ஒன்று என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள் என்றார். சரி. சொல்ல மாட்டேன்.

பஸ்ஸில் வரும்போது தனியாகச் சிரித்திருக்கிறேன் போலிருக்கிறது. எதிரில் இருந்த பெண் திரும்பச் சிரித்தாள். வீட்டில் ரூபினி படத்துக்கு முன்னால் நின்றபோது வெட்கமாகிவிட்டது. பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு ஒரு வருஷம்கூட ஆகவில்லை, உனக்குச் சிரிப்பு கேக்குதா? - கேக்குதே. என்ன செய்ய?


ஆகஸ்ட் 5, செவ்வாய்

இன்று ஒரு விளையாட்டு கண்டுபிடித்தேன்! நானே! ஒருத்தர் அடிமையா இல்லையா என்று எப்படித் தெரியும் என்று யுகேந்திரன் கேட்டான். சங்கிலி இருந்தால் தெரியும், இல்லாவிட்டால்? கொஞ்ச நேரம் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு யோசித்தேன். பிறகு மூன்று கேள்வி சொன்னேன்.

உங்க பேர் என்ன? சம்பளம் உங்க கைக்கு வருதா? நீங்க நெனச்சா போலாமா?

மூன்றுக்கும் பதில் இருந்தால் அவர் விடுதலை ஆள். பிள்ளைகள் பாட்டு மாதிரி பிடித்துக்கொண்டார்கள். வீட்டில் எல்லாரையும் கேட்டு வரச் சொன்னேன்.


ஆகஸ்ட் 6, புதன்

வயிறு வலிக்கச் சிரித்தேன். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே ஓடிவிட்டார்.

ஜேடன்: "எங்கப்பா சம்பளம் அவரு கைக்கு வரலையாம். அம்மா கைக்குப் போகுதாம். அப்பா அடிமை!"

இன்னொரு குட்டி மோட்டாரில் வருகிற ரொட்டி அங்கிளைக் கேட்டிருக்கிறது, நீங்க போலாமா என்று. "நீ வழிய விட்டாத்தானே நான் போலாம்" என்றாராம்.

யுகேந்திரன் அம்மாவைக் கேட்டானாம். அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டே "எங்கடா போறது? ஒன்னயும் ஒங்கப்பனையும் வெச்சிக்கிட்டு?" என்றாளாம். அவன் அதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை. "ஆண்ட்டி, அம்மாவ யாரு வாங்குனாங்க?"

யாரும் வாங்கவில்லை, ஆசையாய் இருக்கிறதும் போக முடியாமல் இருக்கிறதும் வேறு வேறு என்றேன். சொல்லிவிட்டேன், ஆனால் அது எனக்கே புதிது. வாயில் தானாக வந்தது. கதை சொன்னால் இப்படித்தானா, நமக்குத் தெரியாததெல்லாம் வருமா?


ஆகஸ்ட் 8, வெள்ளி

இன்று என்னையே பிடித்துவிட்டார்கள். பலகையில் இருந்த வரியை நான் எழுத்துக்கூட்டி வாசித்தேன். அது பொறுக்கவில்லை ஒரு வாலுக்கு. "ஆண்ட்டி ஏன் இவ்ளோ ஸ்லோ?"

"நான் மூணாவதோட நின்னுட்டேன்டா. சாஆ ஊருப் பக்கம் எங்க தோட்டம். கிராணி வீட்டுல, தோட்டத்து ஆபீஸ்ல கணக்கு எழுதுறவரு வீட்டுல, கைக்குழந்தையப் பாத்துக்க அனுப்பிட்டாங்க."

அவ்வளவுதான். எல்லாரும் சேர்ந்து ஆரம்பித்துவிட்டார்கள்.

"ஒங்க பேர் என்ன?"

"புஷ்பவள்ளி. ஆனா அந்த வீட்டுல 'பாப்பா'ன்னு கூப்பிடுவாங்க."

"பேர மாத்திட்டாங்க!" என்று ஒரே சத்தம். "சம்பளம்?"

"எங்கப்பாகிட்ட குடுப்பாங்க."

"நெனச்சா போலாமா?"

பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். என் சூராட் பேராணாக், பிறப்புப் பத்திரம், அந்த வீட்டு அலமாரியில் இருந்தது. கேட்டால் "பத்திரமா இருக்கு" என்பார்கள். எங்கே போவேன்?

"அப்போ ஆண்ட்டி அடிமை" என்றான் ஜேடன், ரொம்ப வருத்தமாக.

"இல்லடா. என்ன யாரும் விக்கல. சாப்பாடு குடுத்தாங்க. வளந்ததும் வந்துட்டேன்." அப்புறம், பொய் சொல்லக்கூடாதே என்று, "கொஞ்சம்" என்றேன்.

"கொஞ்சம் அடிமையா இருக்க முடியுமா?"

அதைப் பற்றிப் பெரிய சண்டை நடந்தது. முடியும் என்று பாதிப் பேர், முடியாது என்று பாதிப் பேர். ஷர்மைன் மட்டும் வாயில் பென்சிலை வைத்துக் கடித்துக்கொண்டே இருந்தாள்.

ஐம்பத்தாறு வயதில் முதல் தடவையாக இதை வெளியே சொல்லியிருக்கிறேன். சொன்னது யாரிடம்? மூக்கு ஒழுகுகிற கூட்டத்திடம். நெஞ்சு லேசாக இருக்கிறது. பஸ் ஏறாமல் நடந்தே வந்தேன்.


ஆகஸ்ட் 11, திங்கள்

ஷர்மைன் கையைத் தூக்கினாள். ஆறு வயது. நெற்றியில் முடி விழாமல் இரண்டு கிளிப். அவள் அம்மா லோஷினி டவுனில் துணிக்கடை வைத்திருக்கிறார். வீட்டில் ஒரு பீபிக் இருக்கிறாள், இந்தோனேசியாவிலிருந்து வந்த வேலைப்பெண். எல்லா வீட்டிலும் அவர்களை பீபிக் என்றுதான் கூப்பிடுவது. மத்தியானம் குடையோடு வந்து பிள்ளையைக் கூட்டிப்போவாள்.

"ஆண்ட்டி, நான் எங்க பீபிக்க கேட்டேன். பேர் என்னன்னு. அவங்க சிரிச்சாங்க. நூர்ஹயாத்தின்னு சொன்னாங்க. யாத்தின்னு கூப்பிடலாமாம். எனக்கு அவங்க பேரே தெரியாது ஆண்ட்டி. சின்னதுலேருந்து அவங்கதான் என்னக் குளிப்பாட்டுறாங்க."

"சரிடா. அடுத்தது?"

"சம்பளம் ஊருக்குப் போவுதாம். அவங்க பையனுக்கு. அது ஓகே."

"மூணாவது?"

"பாஸ்போர்ட் மம்மி டிராயர்ல இருக்கு. மம்மி பூட்டி வெச்சிருக்காங்க. லீவும் இல்ல." பென்சிலை வாயிலிருந்து எடுத்தாள். "ஆண்ட்டி, எங்க யாத்தியும் கொஞ்சமா?"

கூட்டம் முழுக்க என் முகத்தைப் பார்க்கிறது. டீச்சரும் பார்க்கிறார். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? மணி ஆச்சு, பையை எடுங்க என்று சொன்னேன். ஆனால் தலையை ஆட்டிவிட்டேன். ஆமாம் என்று. பிள்ளை பார்த்துவிட்டாள்.


ஆகஸ்ட் 13, புதன்

நிப்பாட்டியாச்சு.

லோஷினி காலையில் வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "புள்ளைக்கு ஏபிசி சொல்லிக் குடுக்க அனுப்புனா, என்னையே கேள்வி கேக்க வெக்கிறீங்களா? சாப்பாட்டு மேசையில எம்மாமனார் முன்னாடி கேக்குது, மம்மி நீங்க எசமானான்னு!"

தாடிகா இருக்கிற கடைவீடு அந்த மாமனாருடையது. லோஷினி போன பிறகு டீச்சர் பலகையில் என் பேரை அழித்தார். அழிக்கும்போது என்னைப் பார்க்கவில்லை. "கொஞ்ச நாளைக்கு மட்டும்க்கா. முயல் கத, சிங்கம் கத சொல்லுவோம்."

நான் என்னத்த தப்பா சொன்னேன்? தலையத்தானே ஆட்டுனேன். பொய்யா? எட்டு மாசமா பொணம் மாதிரி கெடந்தவ, இப்பத்தான் காலையில எந்திரிக்கிறதுக்கு ஒரு காரணம் கெடச்சுது, அதையும் புடுங்கிட்டாங்க - சரி, என் கதய விடு. அந்தப் பொண்ணு யாத்தி? அவ கதய யாரு சொல்றது?


ஆகஸ்ட் 14, வியாழன்

முயல் கதை. யாரும் கேட்கவில்லை. யுகேந்திரன் மேசை மேல் ஏறிவிட்டான்.


ஆகஸ்ட் 18, திங்கள்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன்.

திங்கட்கிழமை பிள்ளைகள் வீட்டிலிருந்து ஒரு படப்புத்தகம் கொண்டுவந்து காட்ட வேண்டும். டைனோசார், கார், இளவரசி என்று ஒவ்வொன்றாக வந்தது. ஷர்மைன் பையைத் திறந்து பச்சை அட்டை போட்ட சின்னப் புத்தகம் ஒன்றை எடுத்தாள். "இது யாத்தியோட புத்தகம். உள்ள யாத்தி படம் இருக்கு. முத்திரைப் படமும் இருக்கு. ஆனா ரொம்ப பக்கம் சும்மா இருக்கு, ஏன்னா யாத்தி எங்கயும் போகல."

அலமாக்! பாஸ்போர்ட்!

டீச்சர் பாய்ந்து வாங்கினார். பிள்ளைகள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். "யாத்தி அக்கா அழகா இருக்காங்க" என்றது ஒன்று. ஷர்மைன் சாவி இருக்கிற இடத்தைக் கண்டுபிடித்திருக்கிறாள். திருடவில்லையாம். "மம்மிதான ஆண்ட்டி அவங்களோடத எடுத்தாங்க?"

மத்தியானம் யாத்தி குடையோடு வந்தாள். டீச்சர் கதவைச் சாத்திவிட்டு அதை அவள் முன்னால் நீட்டினார். இனிமேல் இது உன்னிடம் என்று சொல்வதற்குத்தான். யாத்தி கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். முப்பது வயசு இருக்கும், ரூபினியை விடக் கொஞ்சம் மூத்தவள். மலாயில் கெஞ்சினாள்: வேண்டாம், திரும்ப வைத்துவிடுங்கள், நான் திருடினேன் என்பார்கள், போலீஸ் வரும், நான் ஓடப் பார்த்தேன் என்பார்கள்.

"சட்டப்படி அடுத்தவங்க பாஸ்போர்ட்ட வெச்சிக்கக்கூடாதுக்கா" என்றார் டீச்சர். "ஆனா யாரு போய்ச் சொல்றது? நான் போனா நாளைக்கே வீட்டக் காலி பண்ணச் சொல்லுவாங்க."

"நான் போறேன்."

நான்தான் சொன்னேன். எப்படிச் சொன்னேனோ! எனக்கு என்ன வீடு வாசல் போகப் போகிறது? போக வேண்டியது போயாச்சு.

மூன்று பேரும் நடந்து போனோம். ஷர்மைன் நடுவில், குதித்துக் குதித்து. லோஷினி சாப்பிட வந்திருந்தார்.

"என்ன ஆண்ட்டி, வீட்டுக்கே வந்துட்டீங்க?"

மேசை மேல் வைத்தேன். "புள்ள புத்தகம்னு கொண்டாந்துருச்சும்மா. யாத்தி எடுக்கல. அவளுக்குத் தெரியவே தெரியாது."

ஒரு நிமிஷம் அதையே பார்த்தார். பிறகு ஷர்மைனைப் பார்த்துக் கையை ஓங்கினார். அடி பிள்ளை மேல் விழவில்லை. யாத்தி குறுக்கே கையைக் கொடுத்துவிட்டாள். படீர் என்று அவள் முழங்கையில் விழுந்தது. அவள் பிள்ளையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். லோஷினி தன் கையைத் தானே பார்த்தார்.

"ஒங்களுக்கு என்ன ஆண்ட்டி தெரியும்?" குரல் உடைந்துவிட்டது. "முன்னாடி இருந்தவ கையில பாஸ்போர்ட்ட குடுத்து வெச்சிருந்தேன். நல்லவளாத்தான் இருந்தேன். ரெண்டு வயசுப் புள்ளையத் தனியா போட்டுட்டு ஓடிட்டா! நான் வந்து பாக்குறேன், வாசக் கேட்டப் புடிச்சிக்கிட்டு நிக்குது, அழுது அழுது சத்தமே வரல. அத நீங்க பாத்தீங்களா? கத மட்டும் சொல்லத் தெரியுது."

அதுவும் உண்மைதானே! பெற்ற வயிறு எப்படிப் பதறியிருக்கும். எனக்குத் தெரியாதா?

"நான் பாக்கலம்மா. ஆனா நான் ஓடாம இருந்தவ" என்றேன். "சின்னதுல ஒரு வீட்டுல புள்ள பாத்தேன். எம் பத்திரம் அவங்க அலமாரியில. அதனால ஓடல. நல்ல புள்ளன்னு எல்லாரும் சொன்னாங்க. அந்தக் கொழந்தையத் தூக்குறப்பல்லாம் கிள்ளணும் போல இருக்கும்மா. கிள்ளல. ஆனா தோணும். ஓடாம இருக்கிறவள்லாம் பிரியத்துல இருக்கான்னு நெனைக்காதீங்க. நீங்க பூட்டி வெச்சா இவ ஏன் இருக்கான்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

லோஷினி யாத்தியைப் பார்த்தார். யாத்தி தமிழ் தெரியாமல் பிள்ளையின் கிளிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு லோஷினி அறைக்குள் போனார். டிராயர் மூடுகிற சத்தம், சாவி திரும்புகிற சத்தம். வெளியே வந்து, "நாளையிலேருந்து ஷர்மைன் வராது. டீச்சர்கிட்ட சொல்லிருங்க" என்றார்.

அவ்வளவுதான். தோற்றுத்தான் வந்தேன். ஆனாலும் சொன்னேன்! நின்று சொன்னேன்.


ஆகஸ்ட் 19, செவ்வாய்

ஷர்மைன் வரவில்லை. அவள் நாற்காலியில் யாரையும் உட்காரவிடாமல் ஜேடன் காலைப் போட்டு வைத்திருந்தான்.


ஆகஸ்ட் 31, ஞாயிறு

மெர்டேக்கா. டிவியில் ஊர்வலம். அவருக்கு இன்று லீவு. சத்தத்தைக் குறைத்துவிட்டு, திடீரென்று கேட்டார்:

"ஏ புஷ்பா. அந்தக் கரும்புக்காட்டுப் பொண்ணு என்னா ஆனா?"

நான் அப்படியே நின்றுவிட்டேன். ம் போட்டாரே, கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்! கடைசிப் பக்கங்களைப் பிள்ளைகளுக்கே இன்னும் சொல்லவில்லை. அவருக்குச் சொன்னேன்.

"கடைசியில ஒருத்தர் வந்து தாளப் படிக்கிறாரு. இனிமே யாரும் யாருக்கும் சொந்தமில்லன்னு. எல்லாரும் ஆடுறாங்க, அழுவுறாங்க, கடலப் பாத்து ஓடுறாங்க. அடுத்த நாள் விடியிறதுக்கு முன்னாடி மல்லி பழக்கத்துல எந்திரிச்சி உக்காந்துட்டா. மணிக்காகக் காத்துக்கிட்டு. மணி அடிக்கல. கொஞ்ச நேரம் பாத்தா. திரும்பப் படுத்துக்கிட்டா. கடைசிப் பக்கம் முழுக்க அவ தூங்குற படந்தாங்க. வேற ஒண்ணும் இல்ல."

அவர் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நம்ம புள்ளையும் நாலு மணிக்கு அலாரம் வெச்சுத்தான் எந்திரிப்பா" என்றார். "ஸ்கூடாய்லேருந்து சிங்கப்பூருக்கு. மழையா இருந்தாலும் மோட்டார எடுத்துருவா. ஆக்சிடென்ட் ஆன அன்னைக்கும் போன் பண்ணி, தூக்கமா வருதுப்பான்னு சொன்னா. நான்தான், லேட்டானா சம்பளத்துல புடிப்பான், எந்திரின்னு..."

இதை அவர் என்னிடம் சொன்னதே இல்லை. இத்தனை நாளும் அதை வாயில் வைத்துக்கொண்டுதான் ம் போட்டாரா?

இரண்டு பேரும் அழுதோம். ஆஸ்பத்திரியில்கூட இப்படிச் சேர்ந்து அழவில்லை. பிறகு அவர் முகத்தைக் கழுவிவிட்டு வந்து, "தூங்குற படத்தோட முடிச்சிருக்கான் பாரு. நல்ல கத. புள்ளைங்களுக்குச் சொல்லு" என்றார்.

"நிப்பாட்டிட்டாங்கல்ல?"

"நீ என்ன கேட்டுக்கிட்டா கஞ்சிய விட்டுட்டு ஓடுன அன்னைக்கு?"


செப்டம்பர் 2, செவ்வாய்

நான் கேட்கவே இல்லை. டீச்சரே பலகையில் என் பேரை எழுதிவிட்டு சாக்பீஸ் தூசியைத் தட்டினார். "வீட்டக் காலி பண்ணச் சொன்னா வேற வீடு பாப்போம்க்கா. முயலக் கேட்டுக் கேட்டு எனக்கே வெறுத்துப்போச்சு."

கடைசிப் பக்கத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார்கள். யுகேந்திரன் தரையில் படுத்துக் கண்ணை மூடினான். அவனைப் பார்த்து ஜேடன். பிறகு எல்லாரும்! வகுப்பு முழுக்கப் பொய்த் தூக்கம், பொய்க் குறட்டை. அப்பா அம்மாக்கள் வாசலில் வந்து நிற்கிறார்கள், ஒன்றுகூட எழவில்லை. "மணி அடிக்கல ஆண்ட்டி, நாங்க எந்திரிக்க மாட்டோம்!"

ரொட்டி அங்கிள் ஹாரன் அடித்ததும்தான் எழுந்தார்கள்.


செப்டம்பர் 8, திங்கள்

வந்துவிட்டாள்! ஷர்மைன் வந்துவிட்டாள்! யாத்திதான் கொண்டுவந்து விட்டாள். அவளிடம் கேட்க பயமாக இருந்தது. சிரித்தாள், போய்விட்டாள். கடைவீட்டைக் காலி பண்ணச் சொல்லி லோஷினியின் மாமனாரிடமிருந்தும் எந்தச் செய்தியும் இல்லை.

காலையில் கஞ்சி ஊற்றும்போது ஷர்மைன் என் காதில் சொன்னாள்: "ஆண்ட்டி, மம்மியோட டிராயர் இப்ப என் கலர் பென்சில் டிராயர்."

"பூட்டு?"

"பூட்டு இல்ல. நானே தொறப்பேன்."

நல்ல செய்தியா? வேறு இடத்தில் பூட்டி வைத்திருக்கலாமே. பீரோவில், கடையில். எதையும் நம்பக்கூடாது, புஷ்பவள்ளி. நம்பக்கூடாது. கஞ்சியில் சீனியை இரண்டு தடவை போட்டுவிட்டேன்.


செப்டம்பர் 25, வியாழன்

பள்ளி லீவு முடிந்து இந்த வாரம் புதுப் புத்தகம். ஒரு கிழவர் விடுதலையான பிறகு எழுத்துப் படிக்கப் போகிறார், பேரப்பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில். அவர் படிக்கிற வேகத்தில்தான் நானும் படிக்கிறேன், அதனால் பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். டீச்சர் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு தமிழ் வரி எழுதி ஒட்டிக் கொடுத்திருக்கிறார். நான் ஒரு எழுத்துச் சொல்ல, அவர்கள் எல்லாரும் அடுத்த எழுத்தைக் கத்த, வகுப்பே அதிர்கிறது.

பாதியில் வாசலில் நிழல் தெரிந்தது. யாத்தி என்று நினைத்தேன். லோஷினி. கடை உடுப்போடு, வேர்த்து விறுவிறுத்து, குடை இல்லாமல். எனக்கு எழுத்து மறந்துவிட்டது.

"முடிச்சிருங்க ஆண்ட்டி" என்றார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, சுவரோரம் ஒரு குட்டி நாற்காலியில் முழங்கால் மடங்க உட்கார்ந்தார். டீச்சர் அடுப்படிக் கதவுக்குப் பின்னாலிருந்து என்னைப் பார்த்துக் கண்ணை அகல விரித்தார்.

மிச்சப் பக்கத்தை வாசித்தேன். நன்றாகவே வாசித்தேன்.

ஷர்மைன் பையை மாட்டிக்கொண்டு அம்மாவிடம் போனாள். வாசல் பக்கம் தேடினாள்.

"மம்மி, யாத்தி எங்க?"

"இன்னைக்கு அவங்களுக்கு லீவு. காலையிலேயே கெளம்பிட்டாங்க. சாயங்காலம் வருவாங்க."

"எங்க போனாங்க?"

லோஷினி பிள்ளையின் தண்ணீர்ப் பாட்டிலை வாங்கி மூடியைத் திருகினார். என்னைப் பார்க்கவில்லை.

"தெரியல. நான் கேக்கல."